சர்க்கரை வியாதியும் உழைப்பாளியின் கண்ணும் காலும்

சர்க்கரை வியாதி பணக்காரர்களின் வியாதி என்று ஒரு காலத்தில் சொல்லி வந்தார்கள். திண்டில் சாய்ந்து நெய்ச்சோறு உண்பவனுக்கே அது வரும். வெயிலில் வெந்து வேலை செய்கிறவனை அது அண்டாது என்பது அந்தப் பேச்சு. அது பொய்த்துப் போய் வெகு காலமாகிவிட்டது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆதரவில் நாடெங்கும் நடந்த பெரிய ஆய்வின் முடிவுகள் 2023-ல் வெளிவந்தன. நம் நாட்டில் 10 கோடியே 10 லட்சம் பேருக்குச் சர்க்கரை வியாதி இருக்கிறது என்றும், இன்னும் 13 கோடியே 60 லட்சம் பேர் அதன் வாசற்படியில் நிற்கிறார்கள் என்றும் அது கணக்கிட்டது. இதே ஆய்வின் முந்தைய அறிக்கை ஒன்று 2017-ல் வந்தது. நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டிய செய்தி அதில் இருக்கிறது. தமிழ்நாடு போன்ற வசதி கூடிய மாநிலங்களின் நகரங்களில், பணம் உள்ளவர்களைவிடப் பணம் இல்லாதவர்களிடமே இந்த வியாதி அதிகம் என்று அது கண்டது.

ஆக, வியாதி கீழே இறங்கி வந்துவிட்டது. வைத்தியமோ மேலேயே நின்றுவிட்டது. பிரச்னையின் சாரம் இதுதான்.

சர்க்கரை வியாதி இருதயத்தையும் சிறுநீரகத்தையும் தாக்கும். ஆயினும் இங்கே கண்ணையும் காலையும் பற்றியே பேசுகிறோம். காரணம் உண்டு. உழைப்பாளிக்குச் சொத்து என்று இருப்பது அவன் உடம்பு ஒன்றுதான். அறுந்த இழையைக் கண்டுபிடித்துப் பிணைக்கிற சைடருக்குக் கண் மங்கினால் வேலை போயிற்று. சேற்றில் இறங்கி நாற்று நடுகிற பெண்ணுக்குக் கால் புண்ணானால் கூலி போயிற்று. அன்றைய கூலி போனால் அன்றைய உலை இல்லை.

வலியில்லாமல் வரும் கேடு

கண்ணுக்குள்ளே பின்புறத்தில் மெல்லிய திரை ஒன்று இருக்கிறது. சினிமாக் கொட்டகையில் படம் விழும் வெள்ளைத் திரையைப் போன்றது அது. விழித்திரை என்று அதைச் சொல்கிறார்கள். அதற்கு இரத்தம் கொண்டு போகும் குழாய்கள் தலைமயிரைவிட மெல்லியவை. இரத்தத்தில் சர்க்கரை ஆண்டுக்கணக்கில் மிகுந்திருந்தால் அந்தக் குழாய்களின் சுவர் நைந்து போகிறது. சின்னச் சின்னப் புடைப்புகள் தோன்றுகின்றன. நீரும் கொழுப்பும் கசிகின்றன. சில குழாய்கள் அடைத்துக்கொள்கின்றன. இரத்தம் போதாமல் தவிக்கும் திரையில் புதுக் குழாய்கள் முளைக்கின்றன. அவை பலவீனமானவை. ஒரு நாள் உடைந்து கண்ணுக்குள்ளேயே இரத்தம் கொட்டிவிடுகிறது.

எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பார்கள். இங்கே தேய்வது கண். இத்தனையும் நடந்து முடியும் வரை வலி இல்லை. பார்வையும் வெகு நாள் வரை நன்றாகவே இருக்கும். மங்கலாகிவிட்டதே என்று பதறி ஆஸ்பத்திரிக்கு ஓடும்போது கேடு பாதி முடிந்திருக்கும். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்ற கதை அது.

காலின் கதையும் இப்படித்தான். உடம்பிலேயே மிக நீளமானவை பாதத்துக்குப் போகிற நரம்புகள். கேடு அங்கேதான் தொடங்குகிறது. முதலில் எரிச்சல், ஊசி குத்துவது போன்ற வலி, எறும்பு ஊர்வது போன்ற உணர்வு. பிறகு பாதம் மரத்துப் போகிறது. எரிச்சல் நின்றதும் குணமாகிவிட்டது என்று சந்தோஷப்படுகிறவர்கள் உண்டு. குணமாகவில்லை, தோழர்களே! எரிகிறது என்று சொல்லுகிற நரம்பே செத்துப்போயிருக்கலாம். சிலருக்கோ எரிச்சல்கூட இல்லாமல் நேரே மரத்துப் போகும். செருப்பு நழுவியது தெரியாது. வரப்பில் முள் ஏறியது தெரியாது. மில்லின் சூடான தரை சுட்டது தெரியாது. புண் அழுகி நாற்றம் வந்த பிறகே தெரியும். அப்போது விரலை எடுப்பதா, காலை எடுப்பதா என்று டாக்டர் யோசித்துக்கொண்டிருப்பார்.

வலி என்பது உழைப்பாளிக்குப் பகைவன் அல்ல, காவல்காரன். அந்தக் காவல்காரனை இந்த வியாதி முதலில் கொன்றுவிடுகிறது.

இரத்தம் சொல்லும் சாட்சி

கண்ணும் காலும் வாய் திறக்காவிட்டாலும் இரத்தம் முன்கூட்டியே சாட்சி சொல்லுகிறது. கேட்கத் தெரிய வேண்டும்.

காலையில் வெறும் வயிற்றில் விரலைக் குத்தி எடுக்கிற சோதனை அந்த நேரத்துக் கணக்கை மட்டும் காட்டும். பாக்டரி இன்ஸ்பெக்டர் வருகிற அன்று மட்டும் மில்லைக் கூட்டிப் பெருக்கி, பஞ்சுத் தூசியைத் துடைத்து, எல்லோருக்கும் முகமூடி மாட்டிவிடுகிற நிர்வாகங்களை நாம் அறிவோம். டாக்டரிடம் போவதற்கு முந்தின நாள் மட்டும் வாயைக் கட்டுவதும் அதே வித்தைதான். இன்ஸ்பெக்டர் ஏமாறலாம், நுரையீரல் ஏமாறாது. சீட்டில் எண் குறையலாம்; கண் ஏமாறாது.

இந்த வித்தை பலிக்காத சோதனை ஒன்று உண்டு. மூன்று மாதச் சர்க்கரை என்று ஜனங்கள் அதைச் சொல்கிறார்கள். சீட்டில் எச்.பி.ஏ.1.சி. என்று எழுதியிருக்கும். இரத்தத்தின் சிவப்பு அணுவுக்குள் இருக்கிற ஹீமோகுளோபின் என்ற பொருளில் சர்க்கரை ஒட்டிக்கொள்கிறது. சர்க்கரை எவ்வளவு மிகுதியோ அவ்வளவு ஒட்டும். ஒட்டியது அந்த அணு சாகும் வரை போகாது. அணுவின் ஆயுள் ஏறக்குறைய 120 நாள். ஆகவே எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்று அளந்தால் கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரி வெளிப்பட்டுவிடும். நமது வருகைப் பதிவேடு போன்றது இது. ஒரு நாள் ஆஜர் காட்டி மூன்று மாதத்தை மறைக்க முடியாது.

5.7 சதவிகிதத்துக்குக் கீழே இருந்தால் சரியானது. 5.7 முதல் 6.4 வரை எச்சரிக்கை. 6.5-ம் அதற்கு மேலும் இருந்தால் சர்க்கரை வியாதி. இந்த 6.5 என்ற அளவை வைத்து வியாதியைத் தீர்மானிக்கலாம் என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2011-ல் ஏற்றுக்கொண்டது. வியாதி உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு ஏறத்தாழ 7-க்குள் வைத்திருப்பது நல்லது என்கிறார்கள். வயதானவர்களுக்கும் வேறு நோய் உள்ளவர்களுக்கும் சற்று ஏற விடலாம். அதை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

விதியல்ல, தடுக்கக்கூடியது

சர்க்கரை வந்துவிட்டால் கண் போவதும் கால் போவதும் தலைவிதி என்று நினைப்போர் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். விஞ்ஞானம் அதற்குப் பதில் சொல்லிவிட்டது.

பிரிட்டனில் 1977-ல் ஓர் ஆராய்ச்சி தொடங்கினார்கள். 23 ஆஸ்பத்திரிகளில், புதிதாக வியாதி கண்ட 5,102 பேரைச் சேர்த்து ஆண்டுக்கணக்கில் கவனித்தார்கள். 1998-ல் முடிவு வந்தது. ஒரு பகுதியினருக்கு வழக்கமான வைத்தியம். அவர்களுடைய மூன்று மாதச் சர்க்கரை 7.9 அளவில் நின்றது. மற்றவர்களுக்குக் கட்டாக வைத்தியம், அது 7.0 அளவில் நின்றது. வித்தியாசம் ஒரு சதவிகிதம்கூட இல்லை. ஆனால் கண் முதலிய இடங்களில் சிறு இரத்தக் குழாய்களுக்கு வரும் கேடு 25 சதவிகிதம் குறைந்தது. இரத்த அழுத்தத்தையும் கட்டுக்குள் வைத்த பிரிவினருக்கு இந்தக் கேடு 37 சதவிகிதம் குறைந்தது. கொடுத்தவை புதுமையான மருந்துகள் அல்ல. இன்சுலினும், இன்று நம் ஊர் சர்க்கார் ஆஸ்பத்திரியிலும் கிடைக்கிற பழைய மாத்திரைகளுமே.

அந்த நாடு இன்னொன்றும் செய்தது. இங்கிலாந்தில் 2003 முதல் சர்க்கரை வியாதி உள்ள ஒவ்வொருவருக்கும் கடிதம் போட்டுக் கூப்பிட்டு, விழித்திரையைக் காசில்லாமல் போட்டோ எடுக்கும் ஏற்பாட்டைப் படிப்படியாகக் கொண்டு வந்தார்கள். கேடு தெரிந்தவர்களை உடனே லேசர் சிகிச்சைக்கு அனுப்பினார்கள். அதுவரை உழைக்கும் வயதினரின் குருட்டுத்தன்மைக்கு முதல் காரணமாக இருந்தது சர்க்கரை வியாதிதான். 2009-10 கணக்கை எடுத்துப் பார்த்தபோது, குறைந்தது ஐம்பது ஆண்டுகளில் முதன்முறையாக அது அந்த முதலிடத்தை இழந்திருந்தது என்று 2014-ல் வெளியான ஆய்வு கூறியது.

பிரிட்டன் சோஷலிஸ்டு நாடு அல்ல, முதலாளித்துவ நாடு. அங்கே இது எப்படி நடந்தது? 1948-ல் எல்லோருக்கும் இலவச வைத்தியம் என்ற பொது ஏற்பாட்டை அங்கே உழைக்கும் மக்கள் சாதித்தார்கள். அதை நிறைவேற்றிய மந்திரி அனூரின் பெவன், சிறு வயதில் நிலக்கரிச் சுரங்கத்தில் இறங்கி வேலை செய்தவர். பொது ஏற்பாடு இருந்ததால்தான் ஊர் ஊராக ஜாபிதா எடுத்து, ஒருவர் விடாமல் கூப்பிட முடிந்தது. தனியார் கடை எதுவும் இந்த வேலையைச் செய்யாது. வராதவனைத் தேடிப்போய்க் கூப்பிடுவதில் அதற்கு லாபம் இல்லை.

இரத்தச் சோதனை மட்டும் போதாது

இங்கே ஓர் எச்சரிக்கை. இரத்தம் சாட்சி சொல்லும் என்றோம். ஆனால் ஒரே சாட்சியை வைத்துத் தீர்ப்பு எழுதக்கூடாது.

இரத்த சோகை உள்ளவர்களுக்கு மூன்று மாதச் சோதனை தவறான எண்ணைக் காட்டலாம். இரும்புச் சத்துக் குறைந்தவர்களுக்கு உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும். இரத்தம் அதிகமாகப் போனவர்களுக்கும், சிவப்பு அணுக்கள் சீக்கிரம் அழிகிறவர்களுக்கும் குறைவாகக் காட்டும். 2019-21-ல் நடந்த தேசிய குடும்ப நல ஆய்வின்படி 15 முதல் 49 வயது வரை உள்ள இந்தியப் பெண்களில் 57 சதவிகிதம் பேருக்கு இரத்த சோகை. ஆகவே பெண் தொழிலாளிக்கு ஹீமோகுளோபின் அளவைப் பார்க்காமல் இந்த எண்ணை மட்டும் பார்ப்பது அரை வைத்தியம்.

இன்னொன்று. மெட்பார்மின் நல்ல மாத்திரை, மலிவான மாத்திரை. அதைப் பல ஆண்டுகள் சாப்பிடுகிறவர்களில் சிலருக்குப் பி-12 என்ற வைட்டமின் குறைந்து போகிறது. அது குறைந்தாலும் கால் மரத்துப் போகும். சர்க்கரையால் வந்த மரப்பா, வைட்டமின் குறைவால் வந்த மரப்பா என்று இரத்தச் சோதனை சொல்லும். வைட்டமின் குறைவு என்றால் அதற்குச் சுலபமான வைத்தியம் உண்டு. இதற்காக யாரும் மாத்திரையைத் தாமாக நிறுத்திவிட வேண்டாம். டாக்டரிடம் கேளுங்கள்.

விஞ்ஞானிகள் இன்னும் முன்னே போய்த் தேடுகிறார்கள். நரம்பு இழை சிதையும்போது இரத்தத்தில் கசிகிற புரதத்தை அளந்து, கால் மரக்கும் முன்பே கண்டுபிடிக்க முடியுமா என்று ஆராய்கிறார்கள். வரவேற்க வேண்டிய ஆராய்ச்சி. ஆனால் கண்ணையும் காலையும் நேரில் பார்ப்பதற்குப் பதிலாக வைத்துக்கொள்ளத்தக்க இரத்தச் சோதனை இன்னும் வந்துவிடவில்லை. சோதனைச் சாலைக் கடைகளில் பெரிய பொட்டலமாகக் கட்டி விற்கிற முப்பது நாற்பது சோதனைகளுக்கு ஒரு வாரச் சம்பளத்தைக் கொடுத்துவிட்டு, கண்ணைக் காட்டாமல் வீட்டுக்கு வருவதில் பயன் இல்லை.

காலைப் பார்க்கத் தேவையானது ஒரு நைலான் இழை. பாதத்தில் வைத்து அது வளையும் வரை அழுத்தினால் 10 கிராம் பாரம் விழும். கண்ணை மூடிக்கொண்டு, தொட்டது தெரிகிறதா என்று சொல்ல வேண்டும். தெரியவில்லை என்றால் ஆபத்து. நான்கைந்து நிமிஷ வேலை. கிராம நர்சு செய்யலாம்.

இந்த அறிவில் நம் மண்ணுக்கும் பங்கு உண்டு. 1946-ல் வேலூருக்கு வந்த டாக்டர் பால் பிராண்டு, தொழுநோயாளிகளின் பாதங்களை ஆராய்ந்தார். சதை தானாக அழுகி விழவில்லை. வலி தெரியாததால் காயத்தின் மேல் காயம் பட்டே பாதம் அழிகிறது என்று காட்டினார். பாதத்துக்கு மெத்தென்ற ரப்பர்ச் செருப்பு போட்டால் புண் வராமல் காக்கலாம் என்பதும் அந்த உழைப்பில் விளைந்த பாடம். பின்னர் அமெரிக்கா சென்று அதே பாடத்தைச் சர்க்கரை நோயாளிகளின் கால்களுக்கும் பொருத்தினார். வேலூர்ப் பக்கத்து ஏழைகளின் பாதங்கள் உலகத்துக்குக் கற்றுக்கொடுத்த பாடம் இது. அந்த ஏழைகளின் பேரப் பிள்ளைகளுக்கு அந்தச் செருப்பு கிடைக்கிறதா என்பதே கேள்வி.

கண்ணிலும் இதே கதைதான். விழித்திரைப் போட்டோவைத் தானே படித்துக் கேட்டைக் கண்டுபிடிக்கிற கம்ப்யூட்டர் முறையை 2016-ல் கூகுள் கம்பெனி வெளியிட்டது. அதற்குப் பாடம் சொல்லிக் கொடுக்க 1,28,175 போட்டோக்களைப் பயன்படுத்தினார்கள். அமெரிக்காவிலிருந்தும், நம் நாட்டின் மூன்று கண் ஆஸ்பத்திரிகளிலிருந்தும் சேர்த்த போட்டோக்கள் அவை. நம் நோயாளிகளின் கண்கள் இயந்திரத்துக்கு எழுத்தறிவித்தன. அந்த இயந்திரம் நம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வர வேண்டாமா?

சோதனை யார் கையில்?

இன்சுலினைக் கண்டுபிடித்தவர்கள் 1923-ல் அதன் உரிமையை டொரன்டோ சர்வகலாசாலைக்கு ஆளுக்கு ஒரு டாலர் விலைக்குக் கொடுத்தார்கள். மக்களின் உயிரை வைத்து வியாபாரம் செய்யக்கூடாது என்பது அவர்களுடைய எண்ணம். அந்த எண்ணம் மருந்துக் கம்பெனிகளுக்கும் சோதனைக் கடைகளுக்கும் வரவில்லை. வரும் என்று காத்திருப்பதும் வீண்.

2021 ஆகஸ்டில் தமிழ்நாட்டில் மக்களைத் தேடி மருத்துவம் என்ற திட்டம் தொடங்கியது. மாத்திரையை வீட்டுக்கே கொண்டு வந்து கொடுப்பது நல்ல காரியம். அதை நாம் குறை சொல்லவில்லை. ஆனால் மாத்திரை கண்ணுக்குள் எட்டிப் பார்க்காது. மாத்திரை பாதத்தைத் தொட்டுப் பார்க்காது. மாத்திரை வந்த பாதையில் சோதனையும் வர வேண்டும் என்கிறோம்.

மில் தொழிலாளிக்கு இ.எஸ்.ஐ. இருக்கிறது. 2019 ஜூலையிலிருந்து சம்பளத்தில் 0.75 சதவிகிதம் தொழிலாளியிடமும் 3.25 சதவிகிதம் முதலாளியிடமும் பிடிக்க வேண்டும் என்று வைத்தார்கள். நமது பணம் அது. ஆனால் நோய்க்கால உதவிப் பணத்தில் முதல் இரண்டு நாளைக் காத்திருப்பு நாள் என்று கழித்துவிடுகிற விதியும் இருக்கிறது. காய்ச்சலில் படுத்தவனுக்கே இந்தக் கதி. நடமாடிக்கொண்டிருக்கிற சைடர், கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டுப் போட்டோ எடுக்க ஒரு நாள் போனால் அன்றைய சம்பளம் அவர் தலையில்தான் விழும். சொட்டு மருந்து விட்ட கண் சில மணி நேரம் கூசும். மெஷினில் நிற்க முடியாது. கேடு வலிப்பதில்லை, சம்பள வெட்டு வலிக்கிறது. பிறகு யார் சோதனைக்குப் போவார்கள்?

விவசாயத் தொழிலாளிக்கோ இந்த இ.எஸ்.ஐ.யும் இல்லை. காண்டிராக்டில் வேலை செய்கிற தோழர்களில், ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து மில் ஹாஸ்டலில் தங்கியிருக்கும் தோழர்களில், எத்தனை பேருக்குக் கையில் இ.எஸ்.ஐ. அட்டை இருக்கிறது? சங்கம் ஒவ்வொரு மில்லிலும் கணக்கெடுக்க வேண்டும்.

இன்னொரு அபாயத்தையும் சொல்லிவிடுகிறோம். நிர்வாகம் காம்ப் வைத்து இரத்தம் எடுத்தால், சீட்டு யாரிடம் போகிறது என்று முதலில் கேளுங்கள். தொழிலாளியின் கைக்கு வந்தால் அது வைத்தியம். மானேஜர் மேஜைக்குப் போனால் அது ஆட்குறைப்பு ஜாபிதா. சர்க்கரை இருப்பவன் வேண்டாம், வேறு ஆளைக் கொண்டு வா என்று சொல்ல அந்தச் சீட்டு கருவியாகக் கூடாது. இந்தப் பயம் இருக்கிற வரை தொழிலாளி வியாதியை மறைப்பார். மறைத்த வியாதி கண்ணைத் தின்னும்.

வாயைக் கட்டினால் மட்டும் போதுமா?

வாயைக் கட்டு, நட, உடற்பயிற்சி செய் என்று உபதேசம் செய்கிறார்கள். உணவைக் கவனிப்பது தேவைதான்; பீடியையும் சாராயத்தையும் விடுவது மிக மிகத் தேவை. ஆனால் ரிங் பிரேம்களுக்கு நடுவே எட்டு மணி நேரம் நடப்பவரிடம் நட என்று சொல்வது என்ன நியாயம்? வாரத்துக்கு வாரம் ஷிப்டு மாறி, இரவெல்லாம் விழித்து, பகலில் தகரக் கூரையின் கீழ் புரளுகிறவருடைய உடம்பு எப்படிச் சீராக இருக்கும்? மாறி மாறி இரவு ஷிப்டு பார்த்த அமெரிக்க நர்சுகளிடம் நடத்திய ஆய்வு 2011-ல் வெளிவந்தது. இரவு ஷிப்டு பார்த்த ஆண்டுகள் கூடக் கூட இந்த வியாதியும் கூடுகிறது என்று அது கண்டது. பருப்பும் காயும் கீரையும் முட்டையும் வாங்கக் கூலி போதாதபோது, வயிறு நிறைய அரிசிச் சோறுதான் கதி. ஆகவே கூலி உயர்வும், ஷிப்டு முறையும், ரேஷனில் பருப்பும் சிறுதானியமும் கிடைப்பதும் இந்த வியாதியின் வைத்தியத்தில் சேர்ந்தவையே.

நமது கோரிக்கைகள்

ஒன்று: ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இ.எஸ்.ஐ. டிஸ்பென்சரியிலும், சர்க்கரை வியாதி உள்ளவர்களுக்கு ஆண்டுக்கு இரு முறை மூன்று மாதச் சர்க்கரைச் சோதனையும், சோகைக்கும் சிறுநீரகத்துக்கும் உரிய சோதனைகளும் இலவசமாக நடக்க வேண்டும். மாத்திரையை நெடுநாள் சாப்பிடுகிறவர்களுக்குப் பி-12 சோதனையும் வேண்டும்.

இரண்டு: வியாதி தெரிந்த அன்றே ஒரு முறையும், பிறகு ஆண்டுக்கு ஒரு முறையும் விழித்திரைப் போட்டோ எடுக்க வேண்டும். வராதவர்களை ஜாபிதா பார்த்துத் தேடிக் கூப்பிட வேண்டும்.

மூன்று: ஆண்டுக்கு ஒரு முறையாவது பாதத்தை இழை வைத்துச் சோதிக்க வேண்டும். மரத்த பாதத்துக்கு மெத்து ரப்பர்ச் செருப்பும், வயலில் இறங்குகிறவர்களுக்கு ஏற்ற காலணியும் இலவசமாகக் கொடுக்க வேண்டும்.

நான்கு: சோதனை நாளுக்குச் சம்பளம் வேண்டும். இரவு ஷிப்டிலிருந்து வருகிறவர்களுக்கு ஏற்ற நேரத்தில் டிஸ்பென்சரி திறந்திருக்க வேண்டும்.

ஐந்து: சோதனைச் சீட்டு தொழிலாளிக்கு மட்டுமே உரியது. அவருக்குத் தெரிந்த பாஷையில் எழுதித் தர வேண்டும். சர்க்கரை வியாதியைக் காரணம் காட்டி யாரையும் வேலையைவிட்டு நீக்கக்கூடாது. இன்சுலின் போடுகிறவர் கேட்டால் இரவு ஷிப்டிலிருந்து விலக்கு வேண்டும்.

இவற்றைக் கேட்டுப் பெறும் வரை கையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. இரவு படுக்கும் முன் பாதத்தை விளக்கில் பாருங்கள். அடிப்பாதம் தெரியாவிட்டால் வீட்டில் உள்ளவர்களைப் பார்க்கச் சொல்லுங்கள். வெறுங்காலோடு நடக்காதீர்கள். பார்வை நன்றாக இருக்கிறது என்பதற்காகக் கண் சோதனையைத் தள்ளிப் போடாதீர்கள். அடுத்த சங்கக் கூட்டத்திலும் விவசாயத் தொழிலாளர் கிளைக் கூட்டத்திலும் ஒரு கேள்வி கேளுங்கள்: நம்மில் சர்க்கரை வியாதி உள்ளவர்கள் எத்தனை பேர்? அவர்களில் கடந்த ஓர் ஆண்டில் கண்ணையும் பாதத்தையும் சோதித்தவர்கள் எத்தனை பேர்? இரண்டு எண்களையும் காகிதத்தில் எழுதி, கையெழுத்துப் போட்டு, டிஸ்பென்சரி டாக்டரிடமும் சுகாதார அதிகாரியிடமும் கூட்டமாகப் போய்க் கொடுங்கள்.

தனியாகப் போகிறவனிடம் மருந்து ஸ்டாக் இல்லை என்பார்கள். ஐம்பது பேர் சேர்ந்து போனால் கேட்பார்கள்.